கோரிக்கையை ஏற்றதற்கு ஆட்சேபணை

அந்த வட்டாரத்தில் யார் வீட்டுச் சாவி தொலைந்தாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். பீரோவோ, வாசற்கதவோ, சொத்துத் தகராறில் மாட்டிக்கொண்ட இரும்புப் பெட்டியோ, எதுவானாலும் ஒரு கம்பியை உள்ளே விட்டு, காதை ஒட்ட வைத்துக் கேட்டு, காப்பி ஆறுவதற்குள் திறந்து கொடுத்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் தன் வீட்டுக் கதவை மட்டும் தினமும் காலையில் வெளிப்பக்கமாகப் பூட்டிவிட்டுத்தான் கடைக்குப் போவார். உள்ளே அவருடைய மகன் இருப்பான்.

மகனுக்கு இருபத்தேழு வயது. பிறவியிலேயே வளர்ச்சியில் தாமதம். நடை தாமதம், பேச்சு தாமதம், வந்த பேச்சும் கொஞ்சம்தான். ஆனால் தோரணைக்குக் குறைச்சல் இல்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, எதிரே யார் வந்தாலும் "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்பான். அதனால் தெருவே அவனை மேனேஜர் என்று கூப்பிட்டது. நாளடைவில் பெற்றவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மேனேஜருக்கு அடுப்பு சுடும் என்று தெரியாது. சாலையில் வண்டி வரும் என்று தெரியாது. கையைப் பிடித்து யார் அழைத்தாலும் சந்தோஷமாகக் கூடவே போய்விடுவான். பதினெட்டு வயது வரை ஒரு பயிற்சி மையம் இருந்தது, பகலில் விட்டுவிட்டு வரலாம். பதினெட்டு முடிந்த அன்றைக்கு ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தாய்க்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் பகல் வேலை. தகப்பனுக்குக் கடை. இரண்டில் எதை விட்டாலும் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே பூட்டு.

ஒருநாள் பக்கத்து வீட்டில் மின்கசிவு ஏற்பட்டுப் புகை கிளம்பியது. தெரு ஜனம் ஓடிவந்து பூட்டுக்காரர் வீட்டுக் கதவை உடைக்கப் பார்த்தது. கடப்பாரையால் நெம்பினார்கள், கல்லால் அடித்தார்கள். பூட்டு அசைந்து கொடுக்கவில்லை. அவர் கைவேலை, எப்படி அசையும்? அவர் கடையிலிருந்து ஓடிவந்து சாவி போட்டுத் திறந்தபோது மேனேஜர் மேசைக்கு அடியில் நனைந்த கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை. புகையும் அதற்குள் அடங்கிவிட்டது. "நல்ல பூட்டுங்க," என்று யாரோ பாராட்டினார்கள். பூட்டுக்காரருக்கு அந்தப் பாராட்டு நெஞ்சில் செருப்பால் அடித்ததுபோல இருந்தது.

மறுநாளே துறைக்குப் போனார். துறை என்றால், இப்படிப்பட்டவர்களின் நலனுக்கென்றே இருக்கிற துறை. வாசலில் பளிங்குக் கல்லில் "உங்கள் வலி எங்கள் வழி" என்று செதுக்கியிருந்தது. முன்னறையில் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஐயா, பகல்ல பையனைப் பாத்துக்கிற மாதிரி ஒரு இடம் வேணும்."

"வயசு?"

"இருபத்தேழு."

"மையம் பிள்ளைங்களுக்குத்தான். பெரியவங்களுக்குக் கிடையாது."

"ஏங்க அப்படி?"

"பெரியவங்க பகல்ல வேலைக்குப் போயிடுவாங்கல்ல? அவங்களுக்கு எதுக்கு மையம்?"

"என் பையன் போகமாட்டானுங்களே."

"அது உங்க சொந்தப் பிரச்சனை." எழுத்தர் பேனாவை மூடினார். மனசு கேட்காமலோ என்னவோ, ஒரு யோசனையும் சொன்னார். "இங்க பாருங்க. தனியா வந்து சொன்னா அது பிரச்சனை. நாலு பேரு சேந்து வந்தா புகார். கூட்டமைப்பா வந்தீங்கன்னாத்தான் அது கோரிக்கை. துறை கோரிக்கையை மட்டும்தான் பரிசீலிக்கும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஈரத் துணியைப் பிழிவதை நிறுத்தாமலே கேட்டாள். "கூட்டமைப்பா? வீட்டுல இருக்கிற ரெண்டு பேரைக் கட்டி மேய்க்கவே எனக்கு நாக்குத் தள்ளுது. இன்னும் ஆள் சேக்கணுமா?"

"சேத்தாத்தான் கேப்பாங்களாம்."

"எங்கேன்னு போய்ச் சேப்பீங்க? இந்த மாதிரிப் பிள்ளை வச்சிருக்கிறவங்க நெத்தியில எழுதி ஒட்டியிருக்கா?"

நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஆனால் கதவில் இருந்தது. அது பூட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். சாதாரணமாகத் தாழ்ப்பாளை இடுப்பு உயரத்தில் வைப்பார்கள். சில வீடுகளில் மட்டும் அவரைக் கூப்பிட்டு, கதவின் உச்சியில், எக்கித் தொடுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்வார்கள். ஏன் என்று அவர் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை. உள்ளே ஓர் அறையிலிருந்து முனகலோ சிரிப்போ கேட்கும், வீட்டுக்காரம்மா சட்டென்று வானொலியைச் சத்தமாக வைப்பாள். அவர் ஆணியை அடித்துவிட்டு வந்துவிடுவார். இப்போது அந்த உச்சித் தாழ்ப்பாள் வீடுகளையெல்லாம் நினைவுபடுத்தி, ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

முதலில் அகப்பட்டவர் டீச்சரம்மா. ஓய்வு பெற்றவர், கணக்கு டீச்சர். நாற்பது வயது மகள் நாள் முழுதும் செய்தித்தாளை நூல் நூலாகக் கிழித்துக் குவிப்பாள். "பேப்பர் போடுறவன்கிட்ட நேத்துப் பேப்பர்தான் வாங்குறேன், அவளுக்கு எதா இருந்தா என்ன?" என்றார் டீச்சரம்மா. அடுத்தவர் டாக்சிக்காரர். பேசத் தெரியாத, ஆனால் ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கிற மகனை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர். பாதிச் சவாரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். ஒருவரை ஒருவர் கடைத்தெருவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார்கள். எல்லோர் வீட்டிலும் வானொலி சத்தமாக ஓடியதால் ஒன்றும் தெரியவில்லை.

கூட்டமைப்பு பிறந்துவிட்டது என்று துறைக்குத் தகவல் சொன்னதும் துறை பூரித்துப்போனது. உடனே ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கூடவே ஒரு நிபந்தனை: குடும்பத்தினர் மட்டும் வரவேண்டும், பயனாளிகளை அழைத்து வரக் கூடாது. பயனாளிகள் என்றால் பிள்ளைகள். ஆக, பிள்ளைகளைப் பகலில் விட இடம் கேட்கப் போகிறவர்கள், பிள்ளைகளை வீட்டில் விட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார்கள்.

இணை இயக்குநர் மேடையில் இருந்தார். வெள்ளைச் சட்டை, கண்ணாடிக்குக் கயிறு, குரலில் தேன். இந்தத் துறைக்கு வருவதற்கு முன் மீன்வளத்தில் இருந்தாராம், அதற்கு முன் நெடுஞ்சாலையில். மூன்று துறையிலும் ஒரே உரையைத்தான் ஆற்றினார் என்று பிற்பாடு எழுத்தர் சொன்னார்.

"அன்பான குடும்பங்களே! நீங்கள்தான் இத்துறையின் கண்கள். கண்கள் பார்க்க வேண்டும். பேசுவதற்கு வாய் இருக்கிறது. அந்தப் பாரத்தை உங்கள்மேல் சுமத்த நாங்கள் விரும்பவில்லை, வாயாக நாங்களே இருந்துகொள்கிறோம். சிலர் கேட்டார்கள், பிள்ளைகளை ஏன் அழைத்து வரக் கூடாது என்று. அவர்களைப் பற்றி மனம்விட்டுப் பேச வேண்டிய இடத்தில் அவர்களே உட்கார்ந்திருந்தால் எங்களுக்குச் சங்கடமாக இருக்காதா?"

கைதட்டல். தட்டியவர்கள் துறை ஊழியர்கள். பூட்டுக்காரர் எழுந்து, "சார், பகல்ல பாத்துக்க ஒரு இடம்…" என்று தொடங்கினார். இணை இயக்குநர் கனிவோடு கையை உயர்த்தினார். கோரிக்கை வைக்கிற தகுதி கூட்டமைப்புக்கு இன்னும் வரவில்லையாம். முதலில் குடும்பங்கள் குடும்பத் திறன் பயிற்சி எடுத்தாக வேண்டும்.

பயிற்சி கொடுக்க ஓர் இளம் பெண் வந்தாள். நல்ல பெண், சிரித்த முகம். எல்லோருக்கும் வண்ணத் தாள்களைக் கொடுத்து, "உங்க குழந்தையோட பலம் என்னன்னு எழுதி சுவத்துல ஒட்டுங்க" என்றாள்.

டாக்சிக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பலம்னா… போன வாரம் குளியலறைக் கதவைப் பேத்துட்டாம்மா. அதை எழுதலாமா?"

"ரொம்ப நல்லது! அதை நாம 'ஆற்றல்'னு எழுதிக்கலாம்."

பிறகு கண்ணை மூடி, பிள்ளையோடு கழித்த மிகக் கடினமான நாளை மனத்தில் கொண்டுவரச் சொன்னாள். அதை வண்ணத்தில் வரைய வேண்டும். பூட்டுக்காரர் கண்ணை மூடியதும் புகை வந்தது. திறந்துவிட்டார். பக்கத்தில் டாக்சிக்காரர் கண்ணை மூடிய மாத்திரத்தில் குறட்டை விட்டுத் தூங்கிப்போயிருந்தார். ஆழ்ந்த உள்நோக்கு என்று அந்தப் பெண் அவர் தாளில் குறித்துக்கொண்டாள்.

முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். இன்னார் குடும்பத்தினராக இருக்கத் தகுதி பெற்றுள்ளார் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. பூட்டுக்காரர் மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் விடுப்புக் கிடைக்காததால் வர முடியவில்லை. ஆகவே துறையின் பார்வையில் அவள் இன்னும் தாய் ஆகவில்லை.

"அப்ப நான் பெத்தது செல்லாதாமா?" என்றாள் அவள்.

"அடுத்த தடவை வந்தா சரியாயிடுமாம்."

"அதுவரைக்கும் அவன் துணியை யாரு அலசுறது? தகுதி இல்லாதவ நான் தொடலாமா?" என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு போனாள். அவர் சான்றிதழை என்ன செய்வதென்று தெரியாமல் பீரோவுக்கு மேலே போட்டார்.

அடுத்த கூட்டத்துக்குள் அவர்களுக்குப் பொறுமை போய்விட்டது. டீச்சரம்மாவின் மகள் முந்தின தடவை பூட்டிய வீட்டில் செய்தித்தாள் தீர்ந்து தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருந்தாளாம். "நான் கூட்டிட்டுத்தான் வருவேன். வேணும்னா என்னை வெளிய தள்ளட்டும்" என்றார் டீச்சரம்மா. எல்லோரும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூட்ட அறை வாசலில் காவலாளி மறித்தார். உள்ளே விட முடியாது, வராந்தாவிலும் நிற்கக் கூடாது. அப்போதுதான் பூட்டுக்காரர் கண்ணில் பக்கத்து அறை பட்டது. கதவுக்கு மேலே பித்தளைப் பலகை: "குடும்பங்கள் ஓய்வறை". கீழே, திறந்து வைத்தவர் பெயர், அவர் அப்போது வகித்த பதவி, தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் எல்லோரும் பொடி எழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். கதவு பூட்டியிருந்தது.

எழுத்தரைக் கேட்டார்கள்.

"அதைத் திறக்க முடியாதுங்க. திறப்பு விழா அன்னிக்குப் பூட்டினதுதான்."

"சாவி?"

"சாவி அந்த அறைக்கான கோப்புல ஒட்டியிருக்கு."

"கோப்பு?"

எழுத்தர் கதவையே சற்று நேரம் பார்த்தார். "உள்ள இருக்கு."

பூட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து கம்பியை எடுத்தார். பூட்டு துருவேறிப் போயிருந்தது, கொஞ்சம் மக்கர் பண்ணியது, அவ்வளவுதான். கதவைத் தள்ளியதும் பழைய காற்று முகத்தில் அடித்தது. உள்ளே சோபாக்கள் பிளாஸ்டிக் உறையோடு அப்படியே இருந்தன. பெரிய ஜன்னல், விரிப்பு, ஒரு குளியலறை. தரையில் திறப்பு விழாவில் வெட்டிய நாடா கிடந்தது. எழுத்தருக்குக் கை கால் ஓடவில்லை. பூட்டை உடைத்திருந்தால் புகார் எழுதலாம். கள்ளச்சாவி போட்டிருந்தால் அதற்கும் ஒரு விதி உண்டு. பூட்டுக்கு ஒரு சேதமும் இல்லாமல் திறந்துவிட்ட ஓர் அறையை என்ன செய்வதென்று எந்த விதியிலும் இல்லை. விஷயம் மேலே போய்க் கீழே வந்தது: கலந்தாய்வு நடக்கும் நாட்களில் மட்டும் அறையைப் பயன்படுத்தலாம். கலந்தாய்வு முடிந்ததும் பழையபடி பூட்டிவிட வேண்டும்.

அன்றிலிருந்து பெற்றோரில் பாதிப் பேர் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள், பாதிப் பேர் ஓய்வறையில் பிள்ளைகளோடு இருந்தார்கள். முறை வைத்து மாற்றிக்கொண்டார்கள். டீச்சரம்மாவின் மகளுக்குத் துறையில் காகிதத்துக்கா பஞ்சம்? பழைய சுற்றறிக்கைகளை மூட்டையாகக் கொடுத்தார்கள், நூல் நூலாகக் கிழித்தாள். அந்தச் சுற்றறிக்கைகளை அவ்வளவு கவனமாகக் கையாண்டவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை. டாக்சிக்காரர் மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து முனகினான். கொஞ்ச நாளில் மற்றவர்களும் சேர்ந்து முனகினார்கள், அது ஒரு மாதிரி பாட்டாகவே ஆகிவிட்டது. அப்பா தன் முறை முடிந்ததும் டாக்சியில் இரண்டு சவாரி கூடுதலாக ஓட்டினார்.

மேனேஜர் ஓர் இடத்தில் உட்கார்கிற ஆள் இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு மேசையாக நடந்தான். ஒவ்வொருவரிடமும் நின்று, தலையைச் சாய்த்து, "வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டான். கட்டடமே கதிகலங்கிப் போயிற்று. சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை ஒளித்தார்கள். எழுத்தர் பழக்க தோஷத்தில் எழுந்து நின்று, "முடிஞ்சிடும் சார், சாயங்காலத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டு, யாரிடம் சொன்னோம் என்று பிறகு விழித்தார். துறையின் இயக்குநரை ஒருநாள் லிப்டுக்குள் வைத்துக் கேட்டுவிட்டான். அதிலிருந்து அந்த மனிதர் பின்பக்கப் படிக்கட்டில்தான் ஐந்து மாடியும் ஏறினார்.

இணை இயக்குநருக்கோ தலைகால் புரியவில்லை. அவர் நடத்திய எந்தக் கலந்தாய்வுக்கும் இரண்டாம் தடவை ஆள் வந்த சரித்திரம் கிடையாது. மீனவர்கள்கூட வரவில்லை. இங்கே என்னடாவென்றால் அழைக்க அழைக்க வருகிறார்கள், காலையில் அவருக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள், மாலையில் விரட்டினாலும் போகமாட்டேன் என்கிறார்கள். எல்லாம் தன் பேச்சுக்காக என்று நினைத்தார். கூட்டங்களைப் பெருக்கினார். துணைக்குழுக்கள் வைத்தார். பிள்ளைகளை எப்படி அழைப்பது என்று ஒரு துணைக்குழு. அது மாதத்துக்கு ஒரு புதுப்பெயர் கண்டுபிடித்து, பழைய பெயரைச் சொன்னவர்களைக் கண்டித்தது. நாற்காலிகளை வட்டமாகப் போடுவதா, அரைவட்டமாகப் போடுவதா என்று இன்னொரு துணைக்குழு. துணைக்குழுக்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்க்க ஒரு துணைக்குழு. எல்லாவற்றிலும் பெற்றோர்கள் ஆர்வமாகச் சேர்ந்தார்கள். வட்டமா அரைவட்டமா என்று நாள்கணக்கில் விவாதித்தார்கள். பூட்டுக்காரர் மேசைக்கு அடியில் பழுதான பூட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு ரிப்பேர் பார்த்தார். யாராவது அபிப்பிராயம் கேட்டால், "இதை இன்னும் ஆழமாப் பேசணும் சார்" என்பார். அந்தப் பதில் எல்லாவற்றுக்கும் பொருந்தியது.

சில மாதங்களில் கூட்டம் இல்லாத நாளே இல்லை என்றாகிவிட்டது.

ஒருநாள் விடிகாலையில் மனைவி அவரை உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, எழுந்திருங்க. மேனேஜர் இன்னும் எந்திரிக்கல."

பதறிப்போய் எழுந்தார். இருவரும் அவன் படுக்கையருகே போய் நின்றார்கள். மேனேஜர் வாயைத் திறந்துகொண்டு, கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். ராத்திரியில் மூன்று தடவை எழுந்து சுவரில் தலையை மோதுகிறவன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு விடிய விடியத் தூங்கியிருக்கிறான்.

"பகல்லாம் நடக்கிறான்ல, அலுப்பு," என்றார் அவர்.

"என்னமோ அந்த ஆபீசுல வேலை பாக்குற மாதிரில்ல வர்றான். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழட்டி மாட்டுறான், பாத்தீங்களா?" என்றாள். இரண்டு பேரும் சத்தம் போடாமல் நின்று அழுதார்கள், அவன் விழித்துக்கொள்ளக் கூடாதே என்று.

அந்த வாரக் கடைசியில்தான் இடி விழுந்தது. இணை இயக்குநர் எல்லோரையும் வராந்தாவில் நிறுத்தி, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார். "வாழ்த்துகள்! உங்கள் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொள்ளத் துறை முடிவு செய்துவிட்டது. பெரியவர்களுக்கான பகல் மையம், தகுந்த காலத்தில், தகுந்த இடத்தில், தகுந்த முறையில் பரிசீலிக்கப்படும். நாளைக்கு நிறைவுக் கூட்டம். நீங்கள் ஒருமனதாகக் கை தூக்கினால் போதும். ஒரே ஒரு ஆட்சேபணைகூட இல்லாமல் முடிப்பதுதான் நமது துறையின் மரபு. எல்லோருக்கும் கேடயம் உண்டு."

"அப்ப கலந்தாய்வு?" என்றார் டீச்சரம்மா.

"வெற்றிகரமாக முடிந்தது அம்மா!"

"இந்த ரூம்?"

"பத்திரமாகப் பூட்டப்படும். கவலையே வேண்டாம்."

அவர் போய்விட்டார். ஓய்வறையிலிருந்து முனகல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. டாக்சிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கேட்டதைத்தானே குடுத்திருக்காங்க. எப்படிங்க வேண்டாம்ங்கிறது? நன்றி கெட்டவங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

"என்னத்தைக் குடுத்தாங்க?" என்றார் டீச்சரம்மா. "தகுந்த காலம்னா எப்ப? நான் முப்பது வருஷம் கணக்கு நடத்தினவ. அதுக்கு விடை கிடையாது."

"அப்ப என்ன பண்றது? திரும்பவும் முன்சீட்டா?"

பூட்டுக்காரருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மேனேஜர் பக்கத்தில் நன்றாகத் தூங்கினான்.

நிறைவுக் கூட்டத்துக்கு மேடையில் பூ அலங்காரம். கேடயங்கள் அடுக்கியிருந்தன. இயக்குநரே பின்படிக்கட்டு வழியாக வந்திருந்தார். இணை இயக்குநர் தழுதழுத்தார். "குடும்பங்களே, இந்த ஓராண்டில் நாம் என்ன சாதித்தோம் என்று கேட்கலாம். நாம் சந்தித்தோம். சந்தித்ததைப் பதிவு செய்தோம். பதிவு செய்ததைச் சரிபார்க்கச் சந்தித்தோம். ஒரு மையத்தைக் கட்டினால் அதில் நாற்பது பேர்தான் இருக்க முடியும். ஒரு கொள்கைக்குள் எத்தனை லட்சம் பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். சுவர் கிடையாது, கூரை கிடையாது, தடையே கிடையாது! ஏற்பவர்கள் கை தூக்குங்கள்."

ஊழியர்கள் தூக்கினார்கள். பெற்றோர்கள் பக்கத்தில் பயந்து பயந்து ஒன்றிரண்டு கைகள் எழுந்தன. டாக்சிக்காரர் கை பாதிவழியில் நின்றது.

பூட்டுக்காரர் எழுந்தார். "சார், ஒரு ஆட்சேபணை."

இணை இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "கோரிக்கை உங்களுடையதுதானே?"

"ஆமா சார்."

"அதைத்தானே ஏற்றிருக்கிறோம்?"

"ஆமா சார். அதுதான் ஆட்சேபணை."

"காரணம்?"

காரணத்தை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கையிலிருந்த பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் வந்ததைச் சொன்னார். "இத்தனை நாள் எங்களைக் கேட்டீங்க, சார், எல்லாத்தையும் கேட்டீங்க. நாற்காலியை எப்படிப் போடணும்னுகூடக் கேட்டீங்க. அந்த மையத்துல இருக்கப்போறது எம்புள்ள சார். அவனை ஒரு வார்த்தை யாரும் கேக்கல."

இயக்குநர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். காரியம் கெட்டது, இதோ வெளியே தள்ளப்போகிறார்கள் என்று பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் இணை இயக்குநரின் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பயனாளிகள் கலந்தாய்வு!" என்றார் அவர், ஏதோ சாமி வந்தவர்போல. "எந்தத் துறையும் இதுவரை செய்யாதது! இரண்டாம் கட்டம்! நாளையே தொடங்குவோம். முழு அளவில், தினசரி, எல்லா அலுவலர்களும் கட்டாயமாகக் கலந்துகொள்ள வேண்டும்." பிறகு விரலை உயர்த்தினார். "ஒரு நிபந்தனை. குடும்பத்தினர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பயனாளிகள் எப்படி மனம் திறப்பார்கள்? காலையில் விட்டுவிட்டுப் போய்விட வேண்டும். மாலையில் வந்து அழைத்துக்கொள்ளலாம். அவர்கள் ஒருமித்த கருத்துக்கு வரும்வரை கலந்தாய்வு நடக்கும்."

டாக்சிக்காரரின் கை சட்டென்று முழுதாக மேலே எழுந்தது. ஒருமனதாக நிறைவேறியது.

மறுநாள் காலை கூட்ட அறை வாசலில் பிள்ளைகளை விட்டார்கள். அலுவலர்கள் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக, கையில் கேள்விகளோடு உள்ளே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனான். கதவு சாத்தப்பட்டது. பெற்றோர்கள் வெளியே நின்றார்கள். என்ன செய்வதென்று அவர்களுக்கே தெரியவில்லை. டீச்சரம்மா பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "நான் பல் டாக்டர்கிட்டப் போகணும், ஆறு வருஷமாப் போகணும்" என்று சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனார். பூட்டுக்காரர் கடைக்குப் போனார். நேராக நிமிர்ந்து, மேசையில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பூட்டுப் பார்த்தார்.

இது நிற்காது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இணை இயக்குநரை எப்போது வேண்டுமானாலும் கால்நடைத் துறைக்கு மாற்றிவிடுவார்கள். புதிதாக வருகிறவர் கணக்கைப் பார்த்துக் கத்துவார். அதற்கும் பிறகு, தானும் தன் மனைவியும் போய்ச் சேர்ந்தபிறகு, மேனேஜரை யார் பார்ப்பார்கள் என்பதற்கு எந்தக் கட்டத்திலும் விடை இல்லை. யோசித்தால் தலை சுற்றும் என்று யோசிக்காமல் வேலையைப் பார்த்தார்.

மாலையில் போனபோது கூட்ட அறை போர்க்களம்போலக் கிடந்தது. நாற்காலிகள் வட்டமாகவும் இல்லை, அரைவட்டமாகவும் இல்லை. அன்றைக்குத் தயாரித்த கேள்விகள் எல்லாம் நூல் நூலாகத் தரையில் கிடந்தன. எழுத்தர் டாக்சிக்காரர் மகனின் பக்கத்தில் உட்கார்ந்து, தன்னை அறியாமல் முனகிக்கொண்டிருந்தார். யாரோ ஓர் உதவி இயக்குநர் குளியலறையில் யாருக்கோ கால்சட்டை மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார், "ஒரு நிமிஷம் நில்லுப்பா, ஒரே நிமிஷம்பா" என்று அவர் கெஞ்சுவது கேட்டது.

இணை இயக்குநர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டை அவிழ்ந்து தொங்கியது, கண்ணாடிக் கயிறு அறுந்திருந்தது. குரலில் தேன் எல்லாம் வற்றிப்போயிருந்தது. பூட்டுக்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஏங்க," என்றார். அவரும் பேச்சு வழக்கில் பேசுவார் என்று பூட்டுக்காரருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "தினமும் இப்படித்தானா?"

"ஆமாங்க."

"ராத்திரியும்?"

"ராத்திரி கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

"எப்படிச் சமாளிக்கிறீங்க?"

ஓராண்டு முழுக்க நடந்த கலந்தாய்வில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. கேட்கமாட்டார்களா என்று பூட்டுக்காரர் எத்தனையோ நாள் காத்திருந்தார். இப்போது இணை இயக்குநரே கேட்டுவிட்டார். பூட்டுக்காரர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தால் இத்தனை வருஷத்தையும் சொல்ல வேண்டும். அவருக்குக் கடை சாத்திவிட்டு வந்த அலுப்பு. மேனேஜருக்குப் பசிக்கும்.

"சமாளிக்கிறதெல்லாம் இல்ல சார்," என்றார். "விடிஞ்சிடுது, அவ்வளவுதான்."

இணை இயக்குநர் தலையை ஆட்டினார். பூட்டுக்காரர், உள்ளேயிருந்து வந்த மகனின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு படி இறங்கியவர் நின்று திரும்பினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கொண்டாந்து விடட்டும் சார்?"